ஆடிக் காற்றில் ஒரு பெட்டிக் குளவி

கொச்சி மகாராஜா சீமை வெளிநாடுதான். நம் பெரியவன் பூகோளப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டி இல்லையென்று வாதாடுகிறான். அந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு பெட்டியோடு அந்த எல்லையில் போய் நின்றிருக்க மாட்டார். ராஜா வேறு, தபால் முத்திரை வேறு, போலீஸ்காரர் தலைப்பாகை வேறு. கோயமுத்தூரில் காலைப் பலகாரம் தின்றுவிட்டுக் கிளம்பினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்பதால் அது உள்நாடு ஆகிவிடாது. ஆகவே உங்கள் அப்பா இந்த ஆடியில் வெளிநாடு போய்வந்த கதையை எழுதுகிறேன். அங்கங்கே எழுத்தில் சலிப்புத் தட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சலிப்பு எனக்கு இன்னும் முழுக்கத் தீரவில்லை.

முதலில் நான் தூக்கிக்கொண்டு போனது என்ன என்று சொல்லவேண்டும். சின்னவள் பள்ளிக்கூடத்தில் போய், அப்பா பூச்சி விற்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். விற்கவில்லை அம்மா. கொண்டுபோய் விடுகிறேன்.

தென்னை ஓலையின் அடிப்பக்கத்தில் கருந்தலைப் புழு என்று ஒன்று வரும். நூலும் தன் கழிவும் சேர்த்துக் குழாய் மாதிரி கூடு கட்டி, அதற்குள் ஒளிந்துகொண்டு பச்சையைச் சுரண்டித் தின்னும். தூரத்திலிருந்து பார்த்தால் தோப்பையே நெருப்பில் வாட்டி எடுத்து நட்டு வைத்த மாதிரி இருக்கும். வயிறு நிறைந்ததும் புழு கூட்டுப்புழுவாகி அசையாமல் கிடக்கும். அப்போது கடுகைவிடச் சின்னக் குளவி ஒன்று அதன்மேல் ஏறிக் குத்தி உள்ளே முட்டை வைக்கும். குஞ்சுகள் உள்ளிருந்தபடியே அதைத் தின்று தீர்த்துவிட்டுத் தோலில் ஒரு ஓட்டை போட்டுக் கூட்டமாக வெளியே வரும். வரவேண்டிய அந்துப்பூச்சி வராது. அந்தக் குளவியைத்தான் எங்கள் சர்க்கார் பண்ணைப் பூச்சிவீட்டில் கண்ணாடிக் குழாய்களில் வளர்க்கிறோம். நான் அங்கே மேஸ்திரி. படித்தவர்கள் அதற்கு வாயில் நுழையாத பேர் ஒன்று சொல்வார்கள். எனக்கு அது குளவி.

இதில் ஒரு வம்பு இருக்கிறது. புழு பெருகுவது மாசி முதல் சித்திரை வரை, கொளுத்துகிற வெயிலில். குளவிக்கோ ஈரமும் குளிர்ச்சியும் இல்லாவிட்டால் ஆயுசு இல்லை. புழு கொழிக்கும்போது குளவி செத்துப்போகும். குளவி கொழிக்கும்போது புழு பாதியாகிவிடும். இந்த இரண்டையும் ஜோடி சேர்த்துப் படைத்தவரிடம் கேட்க எனக்குச் சில கேள்விகள் உண்டு.

போன சித்திரையில் எங்கள் பண்ணைத் துரை என்னை ஒரு பெட்டியோடு அனுப்பினார். போத்தனூர் தாண்டுவதற்குள் அத்தனையும் வெந்துவிட்டது. ஆகவே இந்த முறை யோசித்தார். மலையாளக் கரையில் ஆடியில் மழை பெய்யும், மழையோடு போ என்றார். அவர் மேஜைமேல் இருந்த படத்தில் பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை எல்லாம் ஒரே பச்சையாக இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் பச்சை மாறியிருக்காது.

முதல் நாள் ரயில். பெட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு, அதை அடிக்கடி நனைக்கக் கையில் ஒரு செப்புக் குடம். எதிரே கல்பாத்தி அக்கிரகாரத்துத் தம்பதி ஒன்று. அந்த அம்மாள் என் சாக்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் வீட்டுக்காரரிடம், எனக்குக் கேட்காது என்ற நினைப்பில், "ஏன்னா, சொட்டச் சொட்ட நனைச்சு வெச்சிண்டிருக்காரே, மீனா இருக்குமோ? தள்ளி உக்காருங்கோ" என்றார். அவர் தள்ளி உட்கார்ந்தார். மீன் இல்லை, குளவி என்று நான் விளக்கினேன். இரண்டு பேரும் எழுந்து அடுத்த பெஞ்சுக்கே போய்விட்டார்கள். உண்மையைச் சொன்னதால் எனக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது. அந்தப் பயணத்தில் உண்மையால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அது.

வாளையாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாலக்காட்டை ஒட்டிய ஒலவக்கோட்டில் இறங்கும்போது எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. பெட்டியில் பாதியை அங்கே எங்கள் பண்ணைக்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கவேண்டும். அவர் குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றுகூடச் சாகவில்லையே என்று சிரித்தார். ஈரம் அவ்வளவு. என் வேட்டி மறுநாள் காலை வரை காயவில்லை, மேல்துண்டில் பூசணம் பூத்திருந்தது. சாப்பாட்டுக் கடையில் கொட்டைகொட்டையாகச் சிவப்பரிசிச் சோறும் குடிக்க இளஞ்சிவப்பாக வெந்நீரும் கொடுத்தார்கள். ஏதோ மரப்பட்டை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீராம். நம் சிறுவாணித் தண்ணீர் குடித்த நாக்கு அதை மருந்து என்றே நினைத்தது. சோற்றை மென்று முடிப்பதற்குள் பக்கத்து இலையில் இரண்டு பேர் மாறிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் கிழக்கே திரும்பி, சித்தூர் வழியாகக் கொழிஞ்சாம்பாறைக்குப் பஸ். இங்கேதான் என் வயிற்றெரிச்சல் தொடங்குகிறது. பாலக்காட்டில் கொட்டிய மழை சித்தூருக்கு வரும்போது தூறலாயிற்று. சித்தூர் தாண்டியதும் தூறலும் நின்றது. காற்று மட்டும் எங்களோடு வந்தது. மலைக்கு நடுவில் இருக்கும் அந்தக் கணவாய் வழியாகத் தண்ணீரையெல்லாம் மேற்கே இறக்கி வைத்துவிட்டு வெறுங்கையோடு ஓடிவரும் காற்று. புழுதியும் சருகும் பஸ்ஸுக்கு உள்ளேயே சுழன்றன. மேலே மேகம் கறுகறுவென்று போய்க்கொண்டே இருந்தது. எங்கே போகிறது தெரியுமா? நம் ஊருக்கும் வராது. எங்கேயோ போய்விடும்.

கொச்சி ராஜாவின் சுங்கச் சாவடியில் ஒரு சேவகர் ஏறினார். புகையிலையும் சாராயமும் தேடுகிறவர். நேரே என் பெட்டிக்கு வந்தார். ஒரு குழாயை எடுத்து ஆட்டி, மூக்குப்பொடியா என்று மலையாளத்தில் கேட்டார். குளவி என்றேன். தக்கையைப் பிடுங்கப் போன கை நின்றது. "கொட்டுமா?" என்றார். மனுஷரைக் கொட்டாது என்று சொன்னால் திறந்துவிடுவார். கொட்டும் என்றால் பொய். நான் பேசாமல் அவர் முகத்தையே பார்த்தேன். குழாயை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

அதற்கப்புறம் அரை மைல் போவதற்குள் பஸ் கொதித்து நின்றது. டிரைவர் மூடியைத் திறந்து ஆவியைப் பார்த்துவிட்டு, பிறகு பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் என் செப்புக் குடத்தைப் பார்த்தார்கள். இது பூச்சிக்கு வைத்திருக்கும் தண்ணீர் என்று நான் சொன்னதும் ஒரு கவுண்டிச்சியம்மா, "பூச்சிக்குத் தண்ணி காட்டுவாங்களாமா, பஸ்ஸுக்குக் காட்ட மாட்டாங்களாமா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது. குடத்தைக் கொடுத்தேன். பஸ் குடித்தது. சாக்கு காய்ந்தது. கொழிஞ்சாம்பாறையில் இறங்கும்போது அதைத் தொட்டால் மொரமொரவென்றது.

நான் போய்ச் சேரவேண்டிய வீடு செல்லப்ப கவுண்டர் வீடு. அவர்தான் சர்க்காருக்கு மனு எழுதிப் போட்டு எங்களை வரவழைத்தவர். அதற்குக் காரணம் உண்டு. புழு விழுந்த தோப்பில் ஓலையையெல்லாம் வெட்டி அதிகாரி கண் முன்னால் எரிக்கவேண்டும் என்பது அந்தச் சீமை உத்தரவு. குருத்தையும் அதை ஒட்டிய இளம் ஓலையையும் மட்டும் விட்டுவிட்டு மரத்தை மொட்டை அடித்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு வருஷத்துக்குக் காய் இல்லை, கள் இல்லை. கவுண்டர் வீட்டில் அந்தத் தோப்பை விட்டால் வேறு வருமானமும் இல்லை. நாலாம் நாள் பார்வத்தியக்காரர், அதாவது அங்கத்திய கிராம அதிகாரி, வெட்டச் சொல்ல வருகிறார். அதற்குள் குளவி வேலை செய்கிறது என்று காட்டினால் விட்டுவிடச் சொல்லிப் பார்க்கலாம். இதுதான் கவுண்டரின் கணக்கு. குளவிக்கு இந்த அவசரமெல்லாம் தெரியாது என்று நான் சொல்லியிருக்கவேண்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்கள்ள, போதுமுங்க" என்றதும் சொல்ல வாய் வரவில்லை.

அவர் சம்சாரம் மருதாயம்மா. பெரிய குடும்பத்தைக் கட்டி ஆளுகிற கை என்று பார்த்தவுடனே தெரியும். இருட்டுவதற்குள் தோப்பைப் பார்த்துவிடலாம் என்று கவுண்டர் அவசரப்படுத்தினார். பெட்டியை எங்கே வைப்பது? காற்றில் வைக்க முடியாது. நான் மருதாயம்மாளிடம் கொடுத்து, இதன் அருமை தெரியவேண்டுமே என்று, "அக்கா, விதைச் சோளத்தை எப்படிப் பாத்துக்குவீங்களோ, அப்படிப் பாத்துக்கோணும்" என்றேன். அவர் தலையை ஆட்டி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

தோப்பு இரண்டு துண்டாக இருந்தது. மேற்கே காற்று முகத்தில் பெரிய துண்டு. கிழக்கே பள்ளத்தில் கிணற்றைச் சுற்றி ஒரு சின்னத் துண்டு, பத்துப் பன்னிரண்டு மரம் இருக்கும். மேற்கே ஓலைகள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்ட சத்தத்தில் நாங்கள் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. எல்லாம் காய்ந்த தாழை நிறம். கவுண்டர் ஒவ்வொரு மரத்தையும் தட்டிக்கொண்டே நடந்தார். மாட்டை வாங்கப் போனவர்கள் தட்டுவார்களே, அப்படி.

திரும்பி வந்ததும் அரிசிம்பருப்புச் சோறு. வெளிநாடு போய் நான் தின்றது உங்கள் அம்மா செவ்வாய்க்கிழமை செய்கிற அதே சோறு, அதே நெய், அதே தயிர். பாஷையும் நம்ம பாஷை. ராஜா மட்டும் வேறு. நேற்றுச் சிவப்பரிசியோடு மல்லுக்கட்டிய எனக்கு அந்த ஒரு வேளை கோபம் இல்லாமல் போயிற்று. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்து பெட்டி எங்கே என்று கேட்டேன். மருதாயம்மா சமையலறைக்குள் கூட்டிப்போய் மேலே காட்டினார். அடுப்புக்கு நேர்மேலே மூங்கில் பரண். சோளக் கதிர், சுரை விதை, அவரை விதை எல்லாம் புகையேறிக் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. நடுவில், நல்ல இடமாகப் பார்த்து, சர்க்கார் பெட்டி. கீழே அடுப்பில் கம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்து அவரே பயந்துபோய்ச் சொன்னார்: "விதையெல்லாம் அங்கதானுங்க வெப்பம். பொகை பட்டாத்தான் வண்டு புடிக்காது."

வண்டு பிடிக்காத இடம். வீட்டிலேயே பூச்சி பிழைக்க முடியாத ஒரே இடம் எதுவோ அதைத் தேடி என் பூச்சியைப் பத்திரமாக வைத்திருக்கிறார். யாரைத் திட்டுவது? நான் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறார். விதைச் சோளம் என்று நான் ஏன் சொன்னேன்? கோயிலில் சாமி மாதிரி என்று சொல்லியிருந்தால் விளக்கேற்றி வைத்திருப்பார், அதுவாவது தேவலை. பெட்டியை இறக்கித் திறந்தேன். குழாய்களில் கறுப்புத் தூள். ஊதினால் பறக்கிறது. அடியில் பாசி சுற்றிவைத்த இரண்டு குழாயில் மட்டும் ஏதோ நகர்ந்தது.

கவுண்டர் வாசலில் நின்றபடி, எத்தனை மிச்சம் என்று கேட்டார். இரண்டு குழாய் என்றேன். அவர் மருதாயம்மாளை ஒரு பார்வை பார்த்தார். அந்த அம்மா அன்று பூராவும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஒரு குழாயை மேற்குத் தோப்பில் திறந்தோம். மரமேறிகள் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். ஒருவர் என்னை ஏணியில் ஏற்றிப் பிடித்துக்கொண்டார். ஓலைக்கடியில் குழாயின் வாயை வைத்து, காற்றுப் படாமல் கவுண்டரின் போர்வையைச் சுற்றிப் பிடித்தோம். போர்வை பாய்மரம் மாதிரி உப்பி என்னை ஏணியோடு தள்ளப் பார்த்தது. கீழேயிருந்த மரமேறி, "மேஸ்திரி, உங்க குளவிக்கு ஒரு கல்லைக் கட்டி உடுங்க" என்றான். அடுத்தவன், "கல்லும் கெழக்கால வேலந்தாவளத்துலதான் போயி உழுகும்" என்றான். போர்வையை எடுத்தபோது ஓலையில் ஒரு குளவியும் இல்லை. எல்லாம் எந்த ஊருக்குப் போயிற்றோ. கோயமுத்தூருக்கே திரும்பிப் போயிருந்தாலும் ஆச்சரியமில்லை, காற்று அந்தத் திசைதான்.

இரண்டாவது குழாயைக் கிணற்றடியில் திறந்தேன். அங்கே மாடு பூட்டிக் கவலைச் சாலில் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளம் என்பதால் காற்று தலைக்குமேல் போயிற்று. வாழையும் மஞ்சளும் அடர்ந்து நின்றன. மண்ணிலிருந்து குளிர்ச்சி ஏறியது. குளவிகள் குழாயின் வாயில் கொஞ்சம் தயங்கி, பிறகு ஓலையின் அடிப்பக்கமாக ஏறிப் போயின. அவை போன வழியைப் பார்க்க ஓலையைத் திருப்பியபோது ஒரு கூட்டுப்புழு கண்ணில் பட்டது. விறைத்துக் கறுத்திருந்தது. தோலில் ஊசி குத்திய மாதிரி ஒரு ஓட்டை.

நான் கொண்டுவந்த குளவி அப்போதுதான் ஏறுகிறது. இந்த ஓட்டை அதற்கு முன்னாலேயே போட்டது.

அந்த ஓலையையும் அடுத்த மரத்து ஓலைகளையும் இருட்டும்வரை புரட்டினோம். ஓட்டை விழுந்த கூடுகள் இன்னும் இருந்தன. குளவி அந்த ஊரிலேயே இருந்திருக்கிறது. வெயில் காலம் முழுக்க எங்கேயோ ஈரத்தில் ஒடுங்கிக் கிடந்துவிட்டு, வாய்க்கால் தண்ணீரை நம்பி இந்தப் பள்ளத்தில் மட்டும் குடும்பம் நடத்துகிறது. நான் ரயிலிலும் பஸ்ஸிலும் சாக்கை நனைத்து நனைத்துத் தூக்கி வந்தது அந்த ஊர்க் கிணற்றடியில் இருந்த சரக்கு. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கவுண்டருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. அப்போ மேற்கேயும் வரும் என்றார்.

நாலாம் நாள் காலை பார்வத்தியக்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எதிர்க்காற்றில் ஏறி மிதிக்க முடியவில்லையாம். குடை பின்பக்கமாக மலர்ந்து கம்பியெல்லாம் வெளியே தெரிந்தது. இன்னும் மூன்று கிராமம் போகவேண்டும் என்பதையே நாலு தடவை சொன்னார். அவருக்கும் அந்தக் காற்றின்மேல் கோபம் இருந்தது, அதனால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பிரியம் உண்டாயிற்று. ஓட்டை விழுந்த கூடுகளை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். மலையாளத்தில் அவர் சொன்னதை நம் பாஷையில் எழுதுகிறேன்: "நீர் சொல்வது சரியாகவே இருக்கலாம் மேஸ்திரி. ஆனால் ஓட்டை உள்ளதை விடு, இல்லாததை எரி என்று உத்தரவில் இல்லையே."

எரித்தால் குளவியும் சேர்ந்து எரியும், அப்புறம் புழு திரும்பி வரும்போது அதைத் தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். அது எவ்வளவு மலையாளம் என்று தெரியாது. அவருக்குப் புரிந்தது. வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டே யோசித்தார். கடைசியில், விடுகிற மரத்துக்கு நீர் ஜவாப் சொல்வீரானால் அந்த மரத்தை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன், எந்தெந்த மரம் என்று இரண்டு பேரும் பேசிச் சொல்லுங்கள் என்றார். சொல்லிவிட்டு, உடைந்த குடையைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிக்கொண்டார். நல்ல மனுஷர்.

எனக்கு அதைவிட அவர் எல்லாவற்றையும் வெட்டு என்று சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

கவுண்டர் என்னை மேற்குத் தோப்பு ஓரத்துக்குக் கூட்டிப்போனார். காற்று இரைச்சலில் கிட்டத்தில் வந்து நின்றார். மருதாயம்மாளும் அடுப்படியை விட்டு வந்து கொஞ்சம் தள்ளி நின்றார்.

"மேஸ்திரி, இது உங்க ஊட்டு மரமா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

பிள்ளைகளே, இந்த மாதிரிக் கேள்விக்குச் சர்க்கார் பதில் என்று ஒன்று உண்டு. பரிசீலிக்கவேண்டும், மேலே எழுதிக் கேட்கவேண்டும் என்று இழுக்கலாம். அவர் வீட்டு அரிசிம்பருப்பு என் வயிற்றில் இருந்தது. எல்லா மரத்தையும் விட்டுவிடலாம், நான் ஜவாப் என்று சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்றும் எனக்குத் தெரியும். ஆனால் நேற்று அந்தப் போர்வைக்குள் என்ன நடந்தது என்று நான் பார்த்திருந்தேன்.

"கிணத்தடியை விட்டுடுவேனுங்க," என்றேன். "இந்தப் பக்கத்தை வெட்டிப்போடுவேன். இந்தக் காத்துல குளவி நிக்காதுங்க. விட்டா வர்ற மாசியில இங்கிருந்துதான் புழு கிணத்தடிக்கும் போகும்."

"மழ வந்தா?"

"மழை வந்தாலும் காத்து நிக்கோணுமே."

அவர் தலைத்துண்டை அவிழ்த்து உதறி மறுபடி கட்டினார். மரமேறிகளைப் பார்த்து, "மேக்கால ஏறுங்கடா" என்றார். முந்தின நாள் என்னைக் கேலி செய்தவன் இடுப்பில் அரிவாளைச் செருகிக்கொண்டு ஏறினான்.

ஓலைகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்று விழும்போதும் மருதாயம்மா கண்ணை மூடித் திறந்தார். காற்றுக்குப் பயந்து பள்ளமாகப் பார்த்துக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்தக் காற்றில் தீ என்ன வேகத்தில் பிடித்தது என்கிறீர்கள்! பார்வத்தியக்காரர் சாம்பலைப் பார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கிராமத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். மொட்டை மரங்கள் தலையில் ஒரு கொத்தை மட்டும் வைத்துக்கொண்டு காற்றில் ஆடின. கவுண்டர் அந்தப் பக்கமே திரும்பாமல் கவலைக்கு மாடு பூட்டப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மழை வந்தது.

தூறல் இல்லை. நல்ல மழை. பாலக்காட்டில் பார்த்தேனே, அந்த மழை. வருஷத்துக்கு ஒரு தரமோ இரண்டு தரமோ கணவாயைத் தாண்டி அங்கே வருமாம், அது அன்றைக்கு வரவேண்டும் என்று இருந்திருக்கிறது. காற்றும் அடங்கிவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் வாசலில் இறங்கி நின்று நனைந்தேன். வானத்தைப் பார்த்து என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன், நீங்கள் குழந்தைகள்.

மருதாயம்மா உள்ளேயிருந்து சோறு போட்டுக்கொண்டு வந்தார். இலைக்கு முன்னால் உட்கார்ந்த என்னிடம், முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "இந்த மழ காத்தால வந்திருந்தா அந்த மரத்த உட்டிருப்பீங்களா?"

விட்டிருக்கமாட்டேன், நாளைக்கே காற்று திரும்பிவிடும், ஒருநாள் ஈரம் குளவிக்குப் போதாது என்று சொன்னேன். அவர் நம்பினாரா என்று தெரியாது. மறுநாள் காலையில் காற்று திரும்பித்தான் விட்டது, பத்து மணிக்கெல்லாம் மேற்கே மண் காய்ந்து புழுதி கிளம்பியது. அதைக் காட்டி நான் சொன்னது சரி என்று நிரூபிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. நல்லவேளை, செய்யவில்லை. காலையில் அந்த மழை வந்திருந்தால் நான் அதே பதிலைச் சொல்லியிருப்பேனா என்று எனக்கே முழுக்கத் தெரியாது.

கார்த்திகையில் பண்ணையிலிருந்து என்னை மறுபடி அனுப்பினார்கள், ஜவாப் சொல்லவேண்டுமே. கிணற்றடி மரங்கள் பச்சையாக நின்றன. ஐப்பசி மழை அங்கே நன்றாகப் பெய்திருந்தது. ஓலையைத் திருப்பினால் கூடுகளில் பெரும்பாலும் ஓட்டை. மேற்கே மொட்டைத் தலைகளில் புது ஓலை விரிந்திருந்தது, புழு இல்லை. காயும் இல்லை. அது வர இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். கவுண்டர் ஒரு பக்கத்தைக் காட்டிச் சிரிக்கவும் இல்லை, மறுபக்கத்தைக் காட்டி முறையிடவும் இல்லை. கிளம்பும்போது மருதாயம்மா கிணற்றடி மரத்து இளநீர்க் குலை ஒன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். குழந்தைகளுக்கு என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "சுமக்க ஏலாதுங்களா?" என்று கேட்டார், அதற்குமேல் எப்படி மறுப்பது?

அன்றைக்கு நீங்கள் மூன்று பேரும் அடித்துக்கொண்டு குடித்தீர்களே, அதுதான் அது. சின்னவள் தனக்குக் குறைந்துவிட்டது என்று அழுதாள். குலையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸுக்கு நின்றபோது வடகிழக்கேயிருந்து வாடை கிளம்பிவிட்டது. வறண்ட காற்று. தையில் அது தோப்பையெல்லாம் காயவைக்கும், குளவி மறுபடி எங்கேயோ போய் ஒடுங்கும், மாசியில் புழு கண் விழிக்கும். கிணற்றடி தாக்குப்பிடிக்குமா என்று எனக்குத் தெரியாது. பஸ் வந்தது. ஆடியில் என் குடத்தை வாங்கிய அதே டிரைவர் என் கையைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை தண்ணீர் இல்லையா என்று கேட்டார்.